தினமும் தார் ரோடு, எப்போதாவது மண் ரோடு: பைக் டயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக்கில் கொஞ்சம் முரட்டு டயர் மாட்டியிருந்தால் போதும், எங்கே நிறுத்தினாலும் யாராவது குனிந்து பார்த்துவிட்டு அதே நாலு கேள்விகளைக் கேட்பார்கள். நண்பர்கள் கேட்பதும் அவைதான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேலைக்குப் போவதும் அதே வண்டி, விடுமுறையில் மண் பாதைக்குப் போவதும் அதே வண்டி என்று இருப்பவர்களுக்கானது இது. பந்தயம் ஓட்டுபவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

வண்டியோட வந்த டயரே போதாதா? எதுக்கு மாத்தணும்?

பெரும்பாலும் போதும். காய்ந்த மண் பாதை, இறுகிய கப்பி ரோடு, ஜல்லி கொட்டிய வழி எல்லாவற்றிலும் சாதாரண ரோடு டயரே நிதானமாக ஓட்டினால் போய்விடும். அது கைவிடுகிற இடம் சேறு. டயரின் பள்ளங்களில் ஒருமுறை சேறு அப்பிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது மொட்டை டயர்தான். அதற்கு அடுத்தபடியாக, உதிரிச் சரளை கிடக்கும் ஏற்றத்தில் பின் சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும். இந்த இரண்டும் உங்கள் வழியில் இல்லையென்றால் டயர் தேயும்வரை மாற்றவே வேண்டாம்.

மாற்றியே தீர வேண்டும் என்று தோன்றினால், ஒரு மாதம் கணக்கு வைத்துப் பாருங்கள். தார் ரோட்டை விட்டு இறங்கும்போதும் திரும்ப ஏறும்போதும் ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டால் போதும். என் வண்டி மூன்றில் ஒரு பங்கு மண்ணில் ஓடுகிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்த மாதத்தில் மொத்தம் 1,140 கிலோமீட்டர், அதில் மண் 62.

90/10, 70/30, 50/50னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

முதல் எண் ரோடு, இரண்டாவது மண். 90/10 என்றால் ஏறக்குறைய முழு ரோடு டயர், பள்ளங்கள் மட்டும் சற்று அகலம். 50/50க்கு வந்தால் ரப்பர் தனித்தனிக் கட்டைகளாக நிற்கும், நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். நம் ஊர் மெக்கானிக் பேச்சில் பட்டன் டயர். மிச்செலின் நிறுவனம் அனாக்கி அட்வென்ச்சரை 80/20 என்றும், அனாக்கி வைல்டை 50/50 என்றும் சொல்கிறது. இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

ஆனால் இந்த எண்ணை அளப்பதற்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தானே போட்டுக்கொள்வதுதான். ஒருவருடைய 60/40 இன்னொருவருடைய 50/50ஐவிட முரடாக இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு டயரின் நடுப்பட்டையைப் பாருங்கள். நேராக ஓடும்போது தரையில் படுவது அந்தப் பட்டைதான். அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு வெற்றிடம் என்பதுதான் உண்மையான கணக்கு.

பட்டன் டயர் போட்டா தார் ரோட்ல பிடிப்பு குறையுமா?

குறையும். மூன்று காரணங்கள். தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பது கண்ணுக்குத் தெரிவது. கட்டைகள் உயரமாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் அடியில் மடங்கி நெளியும் என்பது கைக்குத் தெரிவது. புது பட்டன் டயரில் ஒரு கட்டையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அசையும். அந்த அசைவைத்தான் வளைவில் வண்டி லேசாக மிதப்பது போல உணர்வீர்கள். மூன்றாவது, சாய்ந்து திரும்பும்போது நடுக்கட்டையிலிருந்து ஓரக்கட்டைக்கு மாறும் இடத்தில் ஒரு சின்ன இடறல் இருக்கும். பழகிவிடும், ஆனால் மறையாது.

அதோடு சத்தம். முதல் வாரம் வீல் பேரிங் போய்விட்டது என்று நினைத்து மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. நானும் போனேன். அவர் டயரைக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

அப்போ மழைல? பள்ளம் பெருசா இருந்தா தண்ணி நல்லா வெளியேறும்தானே?

தண்ணீர் வெளியேறுவது உண்மை. பிரச்சினை தண்ணீரில் இல்லை, அதன் அடியில் இருக்கும் வழவழப்பில் இருக்கிறது. ரோட்டில் பூசிய வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, சிந்திய எண்ணெய். இந்த இடங்களில் பள்ளம் உதவாது, தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரின் அளவும் அதன் மென்மையும்தான் உதவும். மேலே சொன்னபடி அந்த அளவு பட்டன் டயரில் குறைவு. மண்ணில் பிய்ந்து போகாமல் இருக்க ரப்பரையும் பல சமயம் கெட்டியாகவே செய்கிறார்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சிக்னலில். தூறல், வேகம் முப்பதுக்குள்தான். முன்னால் இருந்த கார் நிற்க, நானும் வழக்கம்போல் முன் பிரேக்கை அழுத்தினேன். முன் சக்கரம் பாதசாரிக் கோட்டின் மேல் ஏறியதும் ஹேண்டிலில் இருந்த கனம் சட்டென்று காணாமல் போனது. காலை ஊன்றி எப்படியோ விழாமல் நின்றேன். அதே சிக்னல், அதே கோடு, பழைய டயரில் எத்தனையோ மழையில் நின்ற இடம்தான். மழைக்காலம் முழுக்க வேலைக்கு ஓட்டுகிறவர்கள் 50/50 பக்கம் போகும் முன் இரண்டு முறை யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, நான் எதை வாங்கறது?

சரி. மண் பங்கு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் 80/20 அல்லது 90/10. பெரும்பாலானவர்கள் இங்கேதான் வருவார்கள், தங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். மாதத்தில் பல நாள் மண் உண்டு, அதில் சேறும் உண்டு என்றால் 60/40 அல்லது 70/30. சேறு உங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கிறது என்றால் 50/50 எடுத்துக்கொண்டு தார் ரோட்டில் இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

என் கருத்து ஒருபக்கச் சாய்வு உள்ளதுதான், மறைக்கவில்லை. மண்ணில் டயர் போதாமல் போனால் வேகம் குறையும், வண்டி சிக்கும், அதிகம் போனால் மெல்ல விழுவீர்கள். தார் ரோட்டில் போதாமல் போனால் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

டயர் பக்கவாட்டுல ஏகப்பட்ட நம்பர் இருக்கே, எதைப் பார்க்கணும்?

உதாரணத்துக்கு 120/90-17 64எஸ் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 என்பது அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தில் தொண்ணூறு சதவீதம், அதாவது 108 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவே கோடு இருந்தால் பயாஸ் டயர், அதாவது உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுவது; ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல், இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடுவது.

64 என்பது சுமைக் குறியீடு. அதற்கென்று அட்டவணை இருக்கிறது: 54 என்றால் 212 கிலோ, 64 என்றால் 280, 69 என்றால் 325. கடைசி எழுத்து வேக எல்லை: பி (P) மணிக்கு 150, எஸ் 180, எச் 210 கிலோமீட்டர். பட்டன் டயர்களில் வேக எழுத்து ரோடு டயரைவிடக் குறைவாக இருப்பது சகஜம். வண்டியின் கையேட்டில் சொன்ன சுமைக் குறியீட்டுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, பையையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை.

ஒரு சைஸ் பெருசா போடலாமா? பார்க்க கெத்தா இருக்குமே.

கெத்தாகத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கள். 100/90-17 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 612 மி.மீ. 110/90-17 போட்டால் 630. மூன்று சதவீதம் பெரிது. வேகத்தை அந்தச் சக்கரத்திலிருந்து எடுக்கும் வண்டி என்றால் ஸ்பீடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். பின் சக்கரமாக இருந்தால் கியர் நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும், சின்ன இன்ஜினில் ஏற்றத்தில் தெரியும்.

இடைவெளிதான் பெரிய தலைவலி. கடையில் மாட்டும்போது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே இடம் இருப்பது போலத்தான் இருக்கும். சேறு அப்பியதும் அந்த இடம் போய்விடும், டயர் செயினையோ மட்கார்டையோ உரசும். இன்னொன்று, ரிம்மின் அகலம் மாறவில்லை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கங்கள் உள்வாங்கி டயர் உருண்டையாகிவிடும், தரையில் படும் பட்டை நீங்கள் எதிர்பார்த்த அளவு கூடாது. சக்கர அகலத்துக்கு எது பொருந்தும் என்று டயர் நிறுவனமே பட்டியல் போட்டிருக்கும், அதற்குள் நிற்பது நல்லது.

டியூப் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா?

இதை முதலில் உங்கள் ரிம் முடிவு செய்துவிடும். அலாய் வீல் என்றால் பெரும்பாலும் டியூப்லெஸ். சாதாரண ஸ்போக்ஸ் வீலில் கம்பி நுழையும் ஓட்டைகள் வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் வேண்டும். கம்பியை ரிம்மின் ஓரத்தில் கோத்து, காற்று இருக்கும் பகுதியில் ஓட்டையே இல்லாமல் செய்யும் ஸ்போக்ஸ் வீல்களும் உண்டு, அவற்றில் டியூப்லெஸ் ஓடும்.

தினசரி ஓட்டத்துக்கு டியூப்லெஸ்தான் நிம்மதி. ஆணி குத்தினாலும் காற்று மெல்ல இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே பிளக் அடித்துக் கிளம்பலாம். டியூபில் பஞ்சர் ஆனால் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் மண் பாதையில் கல்லில் மோதி ரிம் நெளிந்துவிட்டால், டியூப்லெஸ் டயர் அந்த நெளிவு வழியே காற்றை விட்டுவிடும். டியூப் வண்டி அப்படியே வீடு வந்து சேரும்.

டியூப்லெஸ் டயரை ஸ்போக்ஸ் ரிம்மில் டியூப் போட்டு மாட்டுவது வழக்கத்தில் இருப்பதுதான். டியூப் டயரை டியூப் இல்லாமல் மாட்டுவதுதான் கூடாது.

மண்ல போனா காத்தைக் குறைக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு?

புது டயர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், கேட்பவர்கள் குறைவு. காற்றைக் குறைத்தால் டயர் சற்றுத் தட்டையாகி நீளமாகத் தரையைப் பிடிக்கும், கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு போகும். முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ வைக்கும் வண்டியில் நான் கப்பி ரோட்டுக்கு 22, 25 என்று இறக்குவேன். அதே பழைய டயர்தான், ஹேண்டில் உதறுவது பாதி நின்றுவிடும்.

இதற்கும் கீழே போனால் ஆபத்து. டியூப் வண்டியில் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். டியூப்லெஸ்ஸில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவலாம். கனமான வண்டி, பின்னால் ஆள் என்றால் இன்னும் கவனம். பெரிய கல் நிறைந்த பாதையில் நான் குறைப்பதே இல்லை, கப்பி, மண், மணல் என்றால்தான்.

திரும்பத் தார் ரோட்டில் ஏறியதும் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் சூடேறி உள்ளே சேதமாகும். கைப்பம்போ சின்ன மின் பம்போ பையில் இல்லாதவர் காற்றைக் குறைக்கவே கூடாது. அளப்பது எப்போதும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ தானாகவே கூடிவிடும்.

முன்னாடி பட்டன், பின்னாடி ரோடு டயர் போடலாமா?

பலர் செய்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. மண்ணில் பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் தரைதான். அதனால் முன்னால் முரடு. பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் பின்னால் நடுவில் ரப்பர் நிறைந்த டயர்.

ஆனால் தார் ரோட்டில் நிற்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் சக்கரம். அங்கே பட்டனைப் போட்டால் மேலே சொன்ன சிக்னல் கதை. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே வகை, மிஞ்சினால் முன்னால் ஒரு படி முரடு. ஒன்று ரேடியல், ஒன்று பயாஸ் என்று கலப்பது மட்டும் வேண்டாம், வண்டி நிறுவனமே அப்படிக் கொடுத்திருந்தால் ஒழிய.

ரேடியல்தான் உசத்தியா?

வேகமான, கனமான வண்டிக்கு. சூடு குறைவு, நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கும். சின்ன வண்டிக்குப் பயாஸ் போதும், அதன் பக்கச்சுவர் கெட்டியானது, கல் பாதைக்கு அது வசதியும்கூட. வண்டியில் எது வந்ததோ அதையே தொடருங்கள்.

முன் டயர்ல அம்புக்குறி வேற பக்கம் இருக்கு, பேட்டர்ன் தலைகீழா தெரியுது. தப்பா மாட்டிட்டாங்களா?

அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்டினால் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பின் டயர் வண்டியைத் தள்ளுகிறது, முன் டயர் நிறுத்துகிறது. இரண்டிலும் விசை வருவது எதிரெதிர்த் திசையில், அதனால் கோலமும் எதிராக இருக்கும். சில டயர்களில் முன்னால் போட்டால் ஒரு திசை, பின்னால் போட்டால் இன்னொரு திசை என்று இரண்டு அம்புகள் இருக்கும், எந்த அம்பு எந்தச் சக்கரத்துக்கு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் இன்னொன்றையும் பாருங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது பொதுவாக டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வரவேண்டும்.

புது டயர் மாட்டின அன்னிக்கே வழுக்குச்சு. டுபாக்கூர் டயரா?

இல்லை. புது ரப்பரின் மேல்பரப்பு வழவழப்பாகவே வரும். முதல் 150, 200 கிலோமீட்டர் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள். ஓரங்கள் தேயாமல் பளபளவென்று இருக்கும்வரை வளைவில் நம்ப வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதுக்குள்ள முன் டயர் ரம்பம் மாதிரி ஆயிடுச்சே.

ஒரு எண் சொல்ல முடியாது. என் வண்டியில் 80/20 பின் டயர் 14,000 ஓடியது, அடுத்து போட்ட 50/50 ஏழாயிரத்தில் நடுக்கட்டை கரைந்துவிட்டது. அதே கைதான், அதே ரோடுதான்.

ரம்பம் என்பது கட்டையின் ஒரு முனை மட்டும் தேய்வது. உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒரு திசையில் தடவினால் மென்மையாகப் போகும், எதிர்த்திசையில் தடவினால் ஒவ்வொரு கட்டையும் கையைப் பிடித்து இழுக்கும். முன் பிரேக்கை அதிகம் பிடிப்பவர்களுக்கு, காற்று குறைவாக ஓட்டுபவர்களுக்குச் சீக்கிரம் வரும். நிறுத்த முடியாது, காற்றைச் சரியாக வைத்தால் தள்ளிப்போடலாம். தடவும்போது கட்டைகளின் அடியையும் பாருங்கள். அங்கே விரிசல் விட்டிருந்தால் கட்டை பிய்ந்து வரப்போகிறது, தேய்மானம் பாக்கி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ரெண்டு வருஷம் முன்னாடி செஞ்ச டயரைக் கொடுக்கறாங்க. வாங்கலாமா?

நிழலில், படுக்கப் போடாமல் வைத்திருந்தால் வாங்கலாம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2223 என்றால் 2023ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்பது மிச்செலின் சொல்லும் கணக்கு.

எம் பிளஸ் எஸ்னு போட்டிருக்கு. அப்போ சேத்துக்கு ஏத்த டயர்தானே?

சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. ஆனால் கோலத்தின் அமைப்பைப் பார்த்து நிறுவனமே போட்டுக்கொள்ளும் முத்திரை, சேற்றில் ஓட்டி அளந்து கொடுத்த சான்றிதழ் அல்ல. 50/50 விகிதம் பற்றிய பதிலில் சொன்ன அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ஏபிஎஸ் இருக்கு. டயர் மாத்தினா அது குழம்புமா?

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுப்பதுதான் ஏபிஎஸ், அது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்கிறது. அதே அளவில் வேறு கோலம் போட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு சக்கரத்தின் விட்டம் மட்டும் நிறைய மாறினால் கணக்கு தவறும். ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணில் பிரச்சினை வேறு. உதிரி மண்ணில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதன் மேல் முட்டி நிற்கும். ஏபிஎஸ் பூட்ட விடாது, அதனால் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது போலத் தோன்றும். எவ்வளவு முரட்டு டயர் போட்டாலும் இது மாறாது. பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால் மண்ணில் இறங்கும்போது அணையுங்கள், முன் சக்கரத்தை விட்டுவிடுங்கள். சில வண்டிகளில் சாவியைத் திருப்பி அணைத்துப் போட்டதும் ஏபிஎஸ் தானாக மறுபடி வந்துவிடும். இறக்கத்தின் நடுவில் படம் எடுக்க நிறுத்தியவர்களுக்கு அது தெரியாமல் போவதுண்டு.